‘படம் வரைஞ்சா சோறு போடுமா?’: பறக்கும் ரயில் வழியே ஒரு கைவேலைப் பயணம்!

இரவு ஒன்பது மணி. மயிலாப்பூர் லஸ் பக்கம் ஸ்டேஷனரி கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டரில் ஓர் அப்பா வந்து நிற்பார். பின்னால் யூனிஃபார்மைக்கூட மாற்றாத பிள்ளை. “அண்ணே, ஒரு சார்ட், ரெண்டு தெர்மாகோல். நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணுமாம். இப்பதான் சொல்றான்.” கடைக்காரருக்கு இது புதிதல்ல. எரிமலையா, சூரியக் குடும்பமா என்று மட்டும் கேட்பார். சில கடைகளில் முழுதாகச் செய்து ஒட்டிய ரெடிமேட் எரிமலையே கிடைக்கும். கிடைக்காவிட்டால் வீட்டில் அம்மா செய்வார். பிள்ளை பக்கத்திலேயே தூங்கிவிடும்.

‘செய்து பார்த்துக் கற்றல்’ என்று பள்ளிக் கையேடுகளில் அச்சாகும் சங்கதி பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அதே பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, “நான் ஃபைன் ஆர்ட்ஸ் சேரப்போறேன்” என்று சொன்னால் மட்டும் வீடே எழுந்து உட்காரும். கேள்வி ஒன்றுதான்: “படம் வரைஞ்சா சோறு போடுமா?”

அந்தக் கேள்விக்குச் சென்னையில் 175 வருடங்களாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலின் தடயங்கள் பெரும்பாலும் ஒரே ரயில் பாதையை ஒட்டி இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கம், திருமயிலை, கிரீன்வேஸ் சாலை, இந்திரா நகர், திருவான்மியூர் என்று வரிசையாக இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டே போகலாம். டிக்கெட்டுக்கு சில்லறைக் காசு போதும். ஒரு நாள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியமேடு: சோற்றுப் பானையே செய்த ஓவியப் பள்ளி

ரயில் ஏறுவதற்கு முன் ஓர் இடம். சென்ட்ரலிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் கொஞ்ச தூரம் போனால் பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி. பேருந்தில் போகிறவர்கள் தினமும் கடந்துபோகும் வளாகம்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று பலருக்கும் தெரியாது. இந்தியாவின் மிகப் பழைய கலைக் கல்லூரி இது.

1850-ல் இதைத் தொடங்கியவர் ஓவியர் அல்ல, டாக்டர். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், பிராட்வே பகுதியில் தனியார் பள்ளியாக ஆரம்பித்தார். சில ஆண்டுகளிலேயே அரசு அதை எடுத்துக்கொண்டது. ஹன்டர் நடத்திய பள்ளிக்கு இரண்டு கைகள். ஒன்று, வரைபடம், செதுக்கச்சு என்று கலையைச் சொல்லிக்கொடுத்தது. இன்னொன்று தொழில் பிரிவு. அங்கே செங்கல், ஓடு, மண்பாண்டம், சுடுமண் அலங்காரப் பொருட்கள் செய்தார்கள். அப்போதுதான் உலகத்துக்கே புதிதாக வந்திருந்த புகைப்படக் கலையும் 1850-களிலேயே இந்தப் பள்ளிக்குள் நுழைந்துவிட்டது.

வெள்ளைக்கார அரசுக்கு இதில் கலைத் தாகம் ஒன்றும் பெரிதாக இல்லை. பொதுப்பணிக் கட்டடங்களுக்கு அலங்காரம் செய்ய ஆள் வேண்டும், வரைபடம் படிக்கத் தெரிந்த கைகள் வேண்டும். பரம்பரையாகக் கைவேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பிடித்து, அவர்களுக்கே கைவேலை சொல்லித்தருகிறோம் என்று உட்காரவைத்த அபத்தமும் அதில் இருந்தது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பள்ளியில் செய்த பொருளுக்கு வெளியே ஒரு தேவை இருந்தது. மதிப்பெண் வாங்கிவிட்டு மூலையில் போடுவதற்காகச் செய்யவில்லை.

இதற்கு எல்லாவற்றையும்விடச் சுவையான உதாரணம் அலுமினியம். 1898 வாக்கில், பொறியியல் பேராசிரியரான ஆல்ஃபிரட் சாட்டர்டன் இந்தக் கலைப் பள்ளிக்குள் ஒரு சோதனையைத் தொடங்கினார். பித்தளை, செம்புப் பாத்திரங்களை அடித்துச் செய்கிற அதே கைவேலைக்காரர்களிடம் அலுமினியத் தகட்டைக் கொடுத்தால் என்ன? அடித்தார்கள். பானை வந்தது, செம்பு வந்தது, தட்டு வந்தது. அவை விற்கவும் செய்தன. ஈயம் பூச வேண்டாம், எடையும் குறைவு. சில ஆண்டுகளில் அந்தத் தொழில் தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்றைக்குக் கல்யாண சமையல்காரர் ஏற்றி இறக்குகிற அலுமினிய அண்டாவுக்கு ஒரு பாட்டன் உண்டென்றால், அவர் பெரியமேட்டு ஓவியப் பள்ளியில் பிறந்தவர். ‘சோறு போடுமா’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது கஷ்டம்.

(அரசு இப்படித் தொழில் தொடங்கி நடத்துவது ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. சாட்டர்டனின் முயற்சிகளுக்கு எதிராக லண்டன் வரை புகார் போய், 1910-ல் அங்கிருந்து முட்டுக்கட்டை வந்தது தனிக்கதை.)

இன்று இங்கே ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, பீங்கான், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை என்று நான்கு வருடப் பட்டப்படிப்புகள். பாடப்புத்தகம் இருக்கிறது, ஆனால் அது இரண்டாம் பட்சம். காலையில் வந்தால் கையில் மண் ஒட்ட வேண்டும், அல்லது வண்ணம். ஓவிய வகுப்பில் மாடலாக உட்காருபவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பார்கள். அவர்களின் முதுகெலும்பு எங்கே வளைகிறது, தோள் ஏன் ஒரு பக்கம் சரிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்துதான் மாணவர் உடற்கூறு படிக்கிறார். பக்கத்தில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்கிருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் ஸ்கெட்ச் புக்கோடு தரையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்தால், கல்லூரி எதுவென்று கேட்க வேண்டியதில்லை.

பத்திரிகை வாசகர்களுக்கு இந்தக் கல்லூரி தூரத்துச் சொந்தம் அல்ல. கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குக் கோட்டோவியங்கள் வரைந்த ஆதிமூலம் இங்கே படித்தவர். டிராட்ஸ்கி மருதுவும் இங்கே படித்தவர்தான். கோவைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சேர்ந்து, ஆறு வருடம் ஓவியம் படித்துவிட்டு, அப்புறம் நடிக்கப் போனார் ஒருவர். தி.நகர்வாசியான அவரை எல்லோருக்கும் தெரியும்: நடிகர் சிவகுமார். ஊர் ஊராகப் போய், கோயில் வாசலிலேயே உட்கார்ந்து முடித்த அவருடைய வாட்டர் கலர்களைப் பார்த்தவர்களுக்கு, நேரில் பார்த்து வரைவதென்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

சேப்பாக்கம்: பாறையைத் தள்ளும் நால்வர்

சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வாலாஜா சாலை வழியே கடலைப் பார்க்க நடந்தால் மெரினா. அங்கே எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் உழைப்பாளர் சிலை, 1959-ல் திறக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்புகிறார்கள். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான்.

சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர். 1929-ல் பெரியமேட்டுப் பள்ளிக்குத் தலைமையேற்று, 1950-களின் பின்பகுதி வரை அங்கேயே இருந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், சிறுகதை என்று அவர் கை வைக்காத துறை குறைவு.

சிலையைச் சுற்றி வந்து முதுகுப் பக்கமும் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முன்பக்கம் படம் எடுத்துக்கொண்டு சுண்டல் வாங்கப் போய்விடுகிறார்கள். பின்னால்தான் விஷயம். ஒவ்வொருவர் முதுகும் ஒவ்வொரு விதமாக இறுகியிருக்கிறது. காலை ஊன்றியவருக்கு ஒரு தசை, நெம்புகிறவருக்கு வேறு தசை. கற்பனையில் வருவதல்ல இது. உயிருள்ள ஆளை நிறுத்திவைத்துப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரியின் காவலாளி ஒருவரே இதற்கு மாடலாக நின்றார் என்று சொல்வதுண்டு.

இப்படி ஒரு வெண்கலச் சிலை ஒரே ஆளால் முடிகிற வேலையல்ல. முதலில் இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம். அதன்மேல் களிமண். களிமண் உருவம் முடிந்ததும் அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு. பிறகு உலோக வார்ப்பு, ஒட்டு வேலை, ராவு வேலை. மண் பிசைவதிலிருந்து அரம் போடுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் கூடநிற்கும் கைகள் வேண்டும். பெரிய சிற்பியின் பட்டறையில் மண் பிசைந்த மாணவர் ஐந்து செமஸ்டர் தியரி படித்ததைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டிருப்பார் என்றால் அது மிகையல்ல.

திருமயிலை: இடிந்த வீடு, இருக்கும் காகிதம்

அடுத்து மயிலாப்பூர். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரங்களைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், கபாலீசுவரர் கோயில் குளமும் மாட வீதிகளும். வார இறுதியில் அதிகாலையில் வந்தால் குளத்தங்கரைப் பக்கம் மடக்கு ஸ்டூலும் வண்ணப் பெட்டியுமாக ஆட்களைப் பார்க்கலாம். கலைக் கல்லூரி மாணவர், ஐ.டி. ஊழியர், ரிட்டயரான மாமா என்று கலந்துகட்டி இருப்பார்கள். பூக்காரம்மா தன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும், “மூக்கு இவ்ளோ பெருசா எனக்கு?” என்பதும் இங்கே இலவச விமர்சனம். வகுப்பறையில் அப்படி ஒரு விமர்சகர் கிடைக்க மாட்டார்.

இன்னொரு கூட்டமும் இந்த வீதிகளுக்கு வரும். கையில் டேப், கிளிப் போட்ட அட்டை. கட்டடக்கலை மாணவர்கள். ‘மெஷர்ட் டிராயிங்’ என்று அவர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு பழைய கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்து காகிதத்தில் இறக்க வேண்டும். திண்ணையின் உயரம், தூணின் சுற்றளவு, ரேழியின் அகலம், முற்றத்தில் வெயில் விழும் இடம் எல்லாமே அதில் வரும்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். எந்தப் பழைய வீட்டிலும் மூலைமட்டம் தொண்ணூறு பாகையில் இருக்காது. சுவர் ஒரு பக்கம் தடித்திருக்கும், மறுபக்கம் மெலிந்திருக்கும். ஏன் என்று யோசித்தால்தான் அதற்குள் ஒரு காலத்தில் அலமாரி இருந்தது, படி இருந்தது என்று புரியும். திண்ணை ஏன் அந்த உயரம் என்ற கேள்விக்குப் பதில், அதில் போய் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். காலைத் தொங்கவிட்டால் தெருவோடு பேசலாம், காலை மடக்கினால் தூங்கலாம்.

இந்த வேலையில் ஒரு சோகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. சொந்தக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான்கு பங்காளிகளுக்கு ஒரு முற்றத்தைப் பிரித்துக்கொடுப்பது எப்படி? ஆனால் அளந்த வீடு இடிந்த பிறகு, அதன் முழு உருவமும் மிஞ்சுவது ஏதோ ஒரு கல்லூரி அலமாரியில் சுருட்டிவைத்த அந்த மாணவர்களின் காகிதத்தில் மட்டும்தான். மதிப்பெண்ணுக்காகச் செய்த வேலை, யாரும் கேட்காமலேயே ஆவணமாகிவிடுகிறது.

மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் வந்தால் கொலு பொம்மைகள் தெருவை நிறைத்திருக்கும். ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின்போது தெருவிலேயே கோலப் போட்டி. கல்லூரிக்கே போகாமல், இருபத்தோரு புள்ளி வரிசையை அழிக்காமல் முடிக்கும் பாட்டிகளை அன்றைக்குப் பார்க்கலாம். ‘டிசைன்’ என்ற சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

பேனர் பட்டறை என்ற இன்னொரு பள்ளி

ரயில் வழியை விட்டுக் கொஞ்சம் விலகினால், சொல்லாமல் போகக் கூடாத ஒரு பள்ளி இருக்கிறது. இப்போது அது இல்லை. இருந்தது. அண்ணா சாலையை ஒரு காலத்தில் ஆண்ட சினிமா பேனர்களையும் கட்அவுட்களையும் வரைந்த பட்டறைகள்தான் அவை.

அங்கே அட்மிஷன் கிடையாது. பையன் வருவான், முதலில் பிரஷ் கழுவுவான். பிறகு வண்ணம் குழைப்பான். பிறகு சின்ன ஸ்டில் போட்டோவின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் உருவத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொள்வான். ஆடை வரைய ஒருவர், எழுத்துக்கு ஒருவர் என்று வேலை பிரியும். நட்சத்திரத்தின் முகம் மட்டும் மாஸ்டர் கைக்குத்தான். அந்த முகத்தைத் தொட அனுமதி கிடைப்பதுதான் பட்டமளிப்பு விழா.

நூற்றாண்டு திரும்பிய சில வருடங்களில் ஃப்ளெக்ஸ் வந்தது. கணினியில் அடித்தால் ஒரே நாளில் பேனர். பட்டறைகள் மூடின. நாற்பதடி முகத்தை நினைவிலிருந்தே வரையத் தெரிந்த கைகள் வேறு வேலை தேடிப் போயின. கை கற்றுக்கொண்டது அப்படியே இருந்தது, கேட்டு வருபவர்தான் இல்லை. பெரியமேட்டில் அலுமினியத்துக்கு நடந்ததன் தலைகீழ்க் கதை இது.

கிரீன்வேஸ் சாலை முதல் திருவான்மியூர் வரை

கிரீன்வேஸ் சாலை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால், அடையாற்றங்கரைப் பக்கம் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். 2013-ல் சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகம். முதலமைச்சரே வேந்தராக இருப்பது இதன் தனித்தன்மை. பெரியமேட்டுக் கல்லூரியும், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியும் இப்போது இதன் குடையின்கீழ். பக்கத்திலேயே இசைக் கல்லூரி இயங்கிவந்த பிராடி காசில் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை. பாட்டு, நடனம், ஓவியம், சிற்பம் எல்லாம் ஒரே பல்கலைக்கழகம் என்பது காகிதத்தில் அழகு. சிற்பம் படிப்பவர் மிருதங்க வகுப்பில் போய் உட்கார முடிந்தால்தான் அது நிஜத்திலும் அழகு.

இந்திரா நகர் ஸ்டேஷன் வரும்போது ஜன்னல் ஓரம் நிற்பவர்கள் பாக்கியசாலிகள். ஸ்டேஷனின் வெளிச்சுவர் முழுக்கப் பெரிய பெரிய மனித முகங்கள். சிமென்ட் சுவர் என்று யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்த இடத்தை இப்போது போன் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள்.

திருவான்மியூரில் இறங்கினால் கலாக்ஷேத்ரா. 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் தொடங்கி, 1962-ல் இங்கே வந்து சேர்ந்தது. நடனப் பள்ளியாகவே பலருக்கும் தெரியும். தெருவைத் தாண்டினால் இருக்கும் தறிக்கூடம் பலருக்குத் தெரியாது. முன்கூட்டியே விசாரித்துவிட்டு, வேலை நாளில் போவது நல்லது.

தறி எதற்கு நடனப் பள்ளிக்கு? விஷயம் எளிது. மேடைக்குப் புடவை வேண்டும். அந்தக் காலக் கடைகளில் கிடைத்த புடவைகளின் நிறமும் பட்டும் ருக்மிணி தேவிக்குத் திருப்தியாக இல்லை. பழைய கோயில் நகரத்துப் புடவைகளின் அகலக் கரையும் அழுத்தமான நிறச் சேர்க்கையும் அவருக்கு வேண்டியிருந்தது. வாங்க முடியாததை நெய்துகொள்வோம் என்று 1937-லேயே தறி போட்டுவிட்டார். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வை வேலைக்கு நாடா ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரு மேடை நிகழ்ச்சியின் தேவை ஒரு நெசவுக் கூடத்தையே பெற்றெடுத்தது. ‘கலாக்ஷேத்ரா புடவை’ என்று இன்றைக்கும் பாட்டிகள் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கிறதே, அது இங்கிருந்து கிளம்பியது.

கலம்காரியும் இங்கே உண்டு. அதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால், கைவழிக் கல்வி ஏன் புத்தகத்தில் அடங்காது என்பது புரிந்துவிடும். வெள்ளைத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காய் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துவைக்கும். பாலின் கொழுப்பு, கோடு பரவிவிடாமல் தடுக்கும். மை என்பது பழைய இரும்பும் வெல்லமும் தண்ணீரில் நாட்கணக்கில் புளித்த கரைசல். மூங்கில் குச்சியில் துணி சுற்றிய பேனாவில் அதைத் தொட்டுக் கோடு போடும்போது வெளிறித்தான் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும், ஏனென்றால் இரும்பும் கடுக்காயும் அங்கேதான் சந்திக்கின்றன. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, சாய வேரோடு கொதிக்கவைத்தால், தடவிய இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நடுநடுவே அலசல், வெயில், மறுபடி அலசல்.

ஒரு வேதியியல் லேப் முழுக்க இதற்குள் இருக்கிறது. இரும்புக் கரைசல் புளித்துவிட்டதா என்பதை மூக்கும் நாக்கும் சொல்ல வேண்டும். அந்த மூக்கு வாய்க்க வருடங்களாகும்.

ரயிலில் இன்னும் ஒரு ஸ்டேஷன் போனால் தரமணி. அங்கே 1995-ல் வந்த நிஃப்ட் வளாகம். அதன் மாணவர்கள் நெசவாளர், கைவினைஞர் ஊர்களுக்கே போய்த் தங்கி, அவர்கள் வேலையைப் பதிவுசெய்வது பாடத்தின் ஒரு பகுதி. நல்ல ஏற்பாடு. ஆனால் நிஃப்ட் கட்டணம் வேறு, பெரியமேட்டுக் கட்டணம் வேறு. நெசவாளர் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்ளும் டிசைனருக்கு நல்ல சம்பளத்தில் வேலை காத்திருக்கும். சொல்லிக்கொடுத்த நெசவாளரின் பெண்ணுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் கட்ட முடியுமா என்பதைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஈஞ்சம்பாக்கம்: துணி விற்று வாங்கிய மண்

திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் பேருந்தில் ஏறினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்று வரிசையாக ரெஸ்டாரன்ட்களும் கார் பார்க்கிங்கும் இருக்கும் இந்தப் பக்கம், 1966-ல் மணலும் சவுக்கும்தான்.

பெரியமேட்டுக் கல்லூரியில் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வராக வந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். அவரிடம் படித்தவர்கள் திறமையானவர்கள். படிப்பு முடிந்ததும் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். குடும்பத்துக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய், தூரிகையைப் பரணில் போட்டுவிட்டார்கள். அன்றைய சென்னையில் ஓவியம் வாங்க ஆளில்லை. வீட்டில் கேட்கும் அதே கேள்வி பணிக்கரையும் துரத்தியது. சோறு போடுமா?

அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி கைவினை. முக்கியமாக பாத்திக் துணிகள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து, சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் மட்டும் சாயம் நுழைந்து மெல்லிய நரம்புகள் ஓடும். ஓவியம் வாங்காத மக்கள் இந்தத் துணிகளை வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கி, முப்பது சொச்சம் கலைஞர்கள் குடியேறினார்கள். கொஞ்ச நேரம் கைவினை, மீதி நேரம் தன் கலை. கல்லூரியில் பாடமாகக் கற்ற துணி வேலை, உலோக வேலை, மண் வேலை எல்லாம் வீட்டு வாடகையாகவும் அரிசியாகவும் மாறின.

இதில் ஓர் ஆச்சரியமும் நடந்தது. வயிற்றுக்காகச் செய்த கைவினை அவர்களுடைய கலைக்குள்ளேயே புகுந்துவிட்டது. பி.வி.ஜானகிராமின் சிற்பங்களை இங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கல்லைக் குடையாமல், களிமண்ணை வார்க்காமல், செப்புத் தகட்டை அடித்து வளைத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்து உருவம் செய்தவர். காலையில் மயிலாப்பூரில் கபாலீசுவரரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு உடனே உறைக்கும்: சாமிக்குச் சாத்தும் கவசத்தின் வேலைதானே இது! பணிக்கரின் மகன் நந்தகோபாலும் உலோகத்தை ஒட்டி ஒட்டித்தான் தன் சிற்ப மொழியைக் கண்டுபிடித்தார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு சோழமண்டலம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நுண்கலை படித்து வெளியே வரும் பிள்ளைகளில் பலர் கண்வைப்பது அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைமேல். 2012-ல் தமிழக அரசு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதே தவிர, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து உட்கார்ந்த போராட்டங்களுக்குக் கணக்கில்லை. பள்ளியில் ஓவிய வகுப்புக்கு நிரந்தர ஆள் இல்லாத ஊரில்தான், இரவு ஒன்பது மணிக்கு ரெடிமேட் எரிமலை விற்கிறது.

மாலையில் திருவான்மியூர் ஸ்டேஷன் மேடைக்கு வந்தால் தரமணி ஐ.டி. கூட்டத்தோடு நடுநடுவே அவர்களும் நிற்பார்கள். தோளில் கறுப்பு டிராயிங் டியூப், நகக்கண்ணில் காயாத வண்ணம். ரயில் ஏறி உட்கார இடம் கிடைத்ததும் முதல் வேலையாக எதிர் சீட்டில் தூங்கிவழிபவரை வரைய ஆரம்பிப்பார்கள். மந்தைவெளி வருவதற்குள் முடிக்க வேண்டும். அவர் அங்கே இறங்கிவிடுவார்.

பிள்ளை பிளஸ் டூ முடித்திருந்தால் ஒரு தகவல்: பெரியமேட்டுக் கல்லூரியில் சேர மதிப்பெண் மட்டும் போதாது, நேரில் உட்கார்ந்து வரையும் செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்கு ரெடிமேட் எந்தக் கடையிலும் கிடைக்காது. பென்சிலைப் பிள்ளையே சீவிக்கொள்ளட்டும்.